பாட்டுக்குப் போன் போதாது, கண்ணுகளா

பதிவு கொஞ்சம் நீளம். வேலையை முடித்துவிட்டு ஆற அமரப் படியுங்கள்.

போன மாதம் பெரியம்மா பாடியதில் ஒரு துண்டை நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் போட்டிருந்தேன். அதற்கப்புறம் பத்துப் பதினைந்து பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். "எந்த ஸ்டுடியோ டீச்சர்?" ஸ்டுடியோ இல்லை, களத்துமேட்டுப் புளியமரத்தடி. "அப்ப என்ன போன்?" போனும் இல்லை. என் பழைய லேப்டாப், அதோடு யுஎஸ்பி ஒயரில் இணைத்த ஒரு சின்னப் பெட்டி, ஒரு சாதாரண மேடை மைக். அந்தப் பெட்டிக்கு ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று பெயர். டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டினால் என் விரல் தேய்ந்துவிடும், அதனால் மொத்தமாக எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேச்சுக்குப் போன் போதும். பாட்டுக்குப் போதாது. வீட்டுப் பெரியவர்கள் பாடுவதைப் பிடித்துவைக்க வேண்டுமென்றால் புதுப் போன் வாங்காதீர்கள், புதுக் கம்ப்யூட்டர் வாங்காதீர்கள், யூடியூபில் காட்டுகிற விலை உயர்ந்த மைக்கும் வாங்காதீர்கள். இருக்கிற லேப்டாப்புக்கு வெளியே வைக்கிற இந்தப் பெட்டி ஒன்றை வாங்குங்கள். அதுவும் வீட்டுக்கு ஒன்று வேண்டாம். பங்காளி வகையறாவுக்கு ஒன்று இருந்தால் தாராளம். கல்யாணத்துக்கு அண்டா, குண்டான் எல்லாம் ஊரில் பொதுவாக வைத்திருந்தோமே, அது மாதிரி.

சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி மகன் உடனே போன் போட்டான். "அத்தை, இப்ப வர்ற போன்ல மூணு மைக் இருக்கு. அதுல இல்லாததா அந்தப் பெட்டியில இருக்கப் போவுது?" நியாயமான கேள்விதான். போனில் இருக்கிற மைக் மோசமில்லை. மைக்குக்குப் பின்னால் இருக்கிற அதிகப்படியான புத்திசாலித்தனம்தான் பிரச்சினை.

போன் பேசுவதற்காகச் செய்யப்பட்ட பொருள். பஸ் ஸ்டாண்டில் நின்று பேசினாலும் எதிராளிக்கு உங்கள் வார்த்தை கேட்க வேண்டும். அதற்காக விடாமல் ஒரே சீராக வருகிற சத்தத்தை இரைச்சல் என்று எண்ணி அமுக்கும். நீங்கள் கத்தினால் குறைக்கும், முணுமுணுத்தால் தூக்கும். பேச்சுக்கு இது வரப்பிரசாதம். பாட்டில் என்ன ஆகும்? விடாமல் ஒரே சீராக வருகிற சத்தத்துக்கு நம் ஊரில் சுருதி என்று பெயர்! 2020 கொரோனா சமயத்தில் பாட்டு வாத்தியார்கள் எல்லாம் ஜூமில் வகுப்பு எடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? இந்தப் பக்கம் சுருதிப் பெட்டி ஓடும், அந்தப் பக்கம் குழந்தைக்குச் சுருதியே கேட்காது. மென்பொருள் அதை ஃபேன் சத்தம் என்று நினைத்துத் துடைத்துவிடும். இசைக்காரர்கள் உலகம் முழுக்க முறையிட்ட பிறகு அதே ஆண்டு ஜூம்காரர்கள் இசைக்கென்று தனி அமைப்பு ஒன்றைச் சேர்த்தார்கள். போனில் குரல் பதிகிற பல செயலிகளிலும் இதே கைவேலைதான் கொஞ்சம் கூடவோ குறையவோ நடக்கிறது.

கர்நாடக சங்கீதத்துக்கு மட்டும் வருகிற தொல்லை இல்லை இது. நம் ஊர் ஒப்பாரியை எடுத்துக்கொள்ளுங்கள். வரி முடிகிற இடத்தில் வார்த்தை நின்றுவிடும், மூச்சு நிற்காது. ஒரு இழுப்பு, அதற்குள் ஒரு தேம்பல், பிறகு மெல்ல இறங்குகிற முனகல். பாட்டின் உயிரே அங்கேதான் இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு ஒரு எழவு வீட்டில் பெரியம்மா பாடியதை என் பேத்தி போனில் எடுத்திருந்தாள். வார்த்தை ஒன்று விடாமல் தெளிவாக இருந்தது. இழுப்பு வருகிற இடமெல்லாம் கத்தரித்தது போல அமுங்கிக் கிடந்தது. உச்சத்தில் கதறுகிற இடத்தில் சத்தம் ஏறவே இல்லை, போன் அதைத் தட்டிச் சமன்படுத்திவிட்டது. துக்கத்தையும் சமாதானத்தையும் ஒரே உயரத்தில் வைத்துப் பாடின மாதிரி இருந்தது. பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். "இது நானில்லையே கண்ணு" என்றார்.

அச்சிலும் இதே நிலைமைதான். நா. வானமாமலை தொடங்கி எத்தனையோ பேர் அலைந்து திரிந்து நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்துப் புத்தகமாகத் தந்திருக்கிறார்கள். அந்த உழைப்புக்குக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் புத்தகத்தில் மெட்டு இல்லை. விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் தம்பதி பாட்டைச் சேகரித்ததோடு நிற்காமல் மேடை மேடையாகப் பாடியும் காட்டியதால்தான் எத்தனையோ மெட்டு நம் காதுக்கு வந்தது. அந்த அம்மாவுக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நான் எங்கள் தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தேன்.

சரி, அந்தப் பெட்டி என்னதான் செய்கிறது? ஐந்தாம் வகுப்புப் பாடம் மாதிரியே சொல்கிறேன், யாரும் சிரிக்க வேண்டாம்.

குரல் என்பது காற்றின் அசைவு. மைக் அந்த அசைவை மின்சாரமாக மாற்றுகிறது. ஆனால் அது மிக மிக மெல்லிய மின்சாரம், ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு, சில பங்கு, அவ்வளவுதான். பெட்டி முதலில் அதைச் சுத்தமாகப் பெரிதாக்குகிறது. அடுத்து அதை அளக்கிறது. நம் பள்ளிச் சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் கோடு போட்டு வருஷா வருஷம் அளப்போமே, அது போல. இந்தப் பெட்டி ஒரு வினாடிக்கு 48,000 தடவை அளந்து ஒவ்வொன்றையும் ஒரு எண்ணாக எழுதுகிறது. நம் காதுக்கு எட்டுகிற அதிர்வு வினாடிக்கு 20,000 வரைதான். அதற்கு இரண்டு மடங்குக்கு மேல் அளந்தால் காதுக்கு எட்டுவது எதுவும் விட்டுப்போகாது. கம்ப்யூட்டர் அந்த எண்களை வாங்கி அடுக்கிவைக்கிறது, அதன் வேலை அத்தோடு சரி.

அளக்கிற ஸ்கேல் எவ்வளவு நுணுக்கமானது என்பது இன்னொரு விஷயம். 16 பிட் என்றால் ஸ்கேலில் 65,536 கோடுகள். 24 பிட் என்றால் 1,67,77,216 கோடுகள். பெட்டி வாங்கும்போது 24 பிட் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலிவில் 16 பிட் பெட்டிகளும் கிடைக்கின்றன, அவையும் வேலை செய்யும். ஆனால் முனகலில் தொடங்கிக் கதறலில் முடிகிற பாட்டுக்கு 24 பிட்தான் நிம்மதி. காரணம் கீழே வருகிறது.

"லேப்டாப்பிலேயே மைக் குத்துகிற ஓட்டை இருக்கிறதே டீச்சர்?" இருக்கிறது. அது ஹெட்செட் மாட்டிப் பேசுவதற்கு. ஒரு கம்ப்யூட்டருக்குள் எட்டிப் பாருங்கள். சின்ன ஃபேன் சுற்றுகிறது, மின்சாரத்தை உடைத்துப் பங்கு போடுகிற சர்க்யூட் இருக்கிறது, வினாடிக்குக் கோடிக்கணக்கில் தட்டுகிற பிராசஸர் இருக்கிறது. சந்தைக் கூச்சலுக்கு நடுவே ஒரு பிள்ளையை உட்காரவைத்துக் காது குத்துகிற மாதிரிதான் அந்தப் பலகையிலேயே ஆயிரத்தில் ஒரு வோல்ட்டை அளப்பது. அதனால்தான் லேப்டாப் மைக்கில் எடுத்த எந்தப் பாட்டிலும் அடியில் ஒரு "ஸ்ஸ்ஸ்" ஓடுகிறது. அளக்கிற வேலையை வீட்டுக்கு வெளியே திண்ணைக்குக் கொண்டு வந்துவிட்டோம், அதுதான் இந்தப் பெட்டியின் மொத்தத் தத்துவம். எண்ணாக மாறிய பிறகு ஒயரில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் பாட்டுக்குள் புகாது.

இப்போது பாட்டு அளவு. பெட்டியின் முகப்பில் கெயின் என்று ஒரு திருகு இருக்கும். பாடுபவர் எங்கே உச்சம் போவாரோ அந்த இடத்தை முதலில் பாடச் சொல்லி, பதிவு மென்பொருளில் முள் மைனஸ் 12-ஐ ஒட்டி நிற்கிற மாதிரி வையுங்கள். மேலே இன்னும் இடம் இருக்கும். பூஜ்யத்தைத் தொட்டால் சிவப்பு விளக்கு எரியும், அந்த இடம் பாட்டில் உடைந்துபோனதாக அர்த்தம். உடைந்ததை எந்த மென்பொருளாலும் முழுசாக ஒட்டவைக்க முடியாது. சத்தம் குறைவாகப் பதிந்தால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். ஸ்கேலில் கோடுகள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால், ஏற்றினாலும் நுணுக்கம் கெடாது. 24 பிட்டின் பலன் இதுதான். எண்பது வயதுக்காரரிடம் போய் "இன்னொரு தடவை பாடுங்க, சத்தம் உடைஞ்சு போச்சு" என்று கேட்கிற கொடுமை வேண்டாம். தாலாட்டென்றால் பாடுவார்கள். ஒப்பாரியை இரண்டாம் தடவை கேட்கக்கூடாது.

மைக் பற்றி இரண்டு வரி. கண்டென்சர் மைக் என்று பளபளவென்று ஒரு வகை உண்டு. பெட்டியிலிருந்து 48 வோல்ட் கொடுத்தால்தான் வேலை செய்யும். நுணுக்கமானது, ஆனால் நாமக்கல் மாவட்டத்து வீட்டுக்கு அது சரிப்படாது என்பது என் அபிப்பிராயம். பாட்டைப் பிடிக்கிற அதே கவனத்தோடு பக்கத்து வீட்டு மிக்சியையும், கோழிப்பண்ணைச் சத்தத்தையும், பைபாஸ் லாரி ஹாரனையும் பிடித்துக்கொண்டு வந்து கொடுக்கும். கச்சேரி மேடையில் கையில் பிடிக்கிற டைனமிக் மைக் போதும். ஷூர் எஸ்எம்58 என்கிற மைக் 1966-ல் வந்தது, இன்றைக்கும் மேடையில் அதுதான். அந்த மாதிரியில் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் சரி. வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். தள்ளி வைத்துவிட்டுக் கெயினை ஏற்றினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

யுஎஸ்பி மைக் என்று பெட்டியும் மைக்கும் ஒன்றாகச் சேர்ந்தது கிடைக்கிறது. ஒரே ஆள் பாடுவதற்குக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் நான் தனிப் பெட்டியைத்தான் சொல்வேன், அதில் இரண்டு ஓட்டைகள் இருக்கும்படி. ஒன்றில் குரல், இன்னொன்றில் உறுமியோ ஆர்மோனியமோ கூடப் பாடுகிற சின்னம்மாவோ. இரண்டும் தனித்தனித் தடமாகப் பதியும். உறுமி குரலை மூடிவிட்டது என்று தெரிந்தால் பிறகு உறுமியை மட்டும் இறக்கலாம். ஒரே மைக்கில் எடுத்தால் சாம்பாரில் உப்பு கூடிப்போன கதைதான்.

ஒரு பாட்டைக் கேட்டுக்கொண்டே மேலே இன்னொன்று பாடிச் சேர்க்கிற பிள்ளைகளுக்கு மட்டும் இது. ஹெட்போனில் உங்கள் குரல் தாமதமாகத் திரும்பி வந்து தாளம் தப்புகிறதா? கம்ப்யூட்டர் எண்களைக் கட்டுக்கட்டாக வாங்குவதால் வருவது. 1,024 எண்கள் ஒரு கட்டு என்றால் போக 21 மில்லி செகண்ட், வர அதே போல இன்னொரு தடவை. கட்டை 128 ஆகக் குறையுங்கள். அல்லது பெட்டியில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும். விண்டோஸில் பெட்டிக்காரர் கொடுக்கிற ஏசியோ டிரைவரைப் போட்டுக்கொள்ளுங்கள். மென்பொருளுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஆடாசிட்டி 2000-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, நான் அதைத்தான் வைத்திருக்கிறேன்.

இனி நம் ஊர் வீடுகளின் தலையாய தொல்லை. பதிவு செய்ததைப் போட்டால் அடியில் "ம்ம்ம்" என்று ஒரு ரீங்காரம் கேட்கும். நம் கரண்ட் வினாடிக்கு 50 தடவை அலைவது. சுவர் பிளக்கில் மூன்றாவது ஓட்டை இருக்கும், அதற்குள் எர்த் ஒயர் இருக்காது. வீடு கட்டின எலக்ட்ரீசியனைத் திட்டுவதற்கு முன்னால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். பாதி வீடுகளில் அந்த நிமிடமே ரீங்காரம் நின்றுவிடும். பெட்டிக்குத் தனிக் கரண்ட் தேவையில்லை, லேப்டாப்பிலிருந்தே யுஎஸ்பி வழியே எடுத்துக்கொள்ளும். ஆக, பேட்டரியிலேயே ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டலாம். ஃபேனை நிறுத்துங்கள், ரெகுலேட்டரைக் குறைத்து வைத்தால் போதாது, அது தனியாக இரையும். கான்கிரீட் வீட்டில் சுவர் எதிரொலிக்கிறது என்றால் கட்டில் மெத்தையைச் சுவரில் சாத்தி வையுங்கள், கதவில் ஜமக்காளத்தைத் தொங்கவிடுங்கள். பழைய ஓட்டு வீடு இருக்கிறவர்கள் புண்ணியவான்கள்.

பெரியம்மாவிடம் இந்த ஏற்பாடு எதுவும் எடுபடவில்லை. வயது 86. மெத்தையெல்லாம் சாத்தி, ஃபேனை நிறுத்தி, எல்லாம் தயாராக வைத்துக் கூப்பிட்டால், "வெளக்கு வெக்கிற ஊட்டுல சும்மா ஒப்பாரி வெக்கப்படாது சாமி" என்று எழுந்துவிட்டார். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாவு விழாத வீட்டில் அதைப் பாடினால் ஆகாது. இந்தக் காலத்தில் இதெல்லாமா என்று மருமகள் கேட்டாள். நம்பிக்கை யாருடையதோ பாட்டும் அவருடையது, அவர் சொல்கிற இடத்தில்தான் பாட வேண்டும்.

களத்துமேட்டுக்குப் போகலாம் என்றார். போனோம். கயிற்றுக் கட்டில் ஒன்றைப் போட்டு, அதன்மேல் லேப்டாப்பும் பெட்டியும். மைக் ஸ்டாண்டுக்குப் பதில் ஒரு மூங்கில் கழியை மண்ணில் நட்டு மைக்கைத் துணியால் கட்டினேன். காற்று மோதாமல் இருக்க மைக் தலையில் பழைய காட்டன் சேலைத் துண்டு இரண்டு சுற்று. சுவர் இல்லாததால் எதிரொலி இல்லை, கரண்ட் இல்லாததால் ரீங்காரம் இல்லை. சாயங்காலம் நாலரை மணி. தூரத்தில் ஒரு மயில், அது பரவாயில்லை.

ஹெட்போனை நான் மாட்டிக்கொண்டேன். முதலில் தாலாட்டு ஒன்று, குரல் பழகட்டும் என்று. அப்புறம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். கொல்லிமலை அந்த நேரத்துக்கு நீலமாக இருக்கும். நாற்பது நிமிடம் நிறுத்தவில்லை. செத்துப்போன அண்ணனுக்கு, பிறகு என் பெரியப்பாவுக்கு, பிறகு நாங்கள் யாரும் பார்த்தேயிராத, பிறந்து மூன்று மாதத்தில் போன ஒரு பெண் குழந்தைக்கு. அந்தக் குழந்தைக்குப் பெயர் வைத்திருந்தார்கள் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். அந்த இடத்தில் குரல் மூச்சாகத் தேய்ந்து இறங்கியது. முள் மைனஸ் 50-க்குக் கீழே போனதைப் பார்த்தேன். இப்போது ஹெட்போனில் கேட்டால் அந்த மூச்சு அப்படியே இருக்கிறது, எதுவும் அதைத் துடைக்கவில்லை. அந்த நாற்பது நிமிடமும் கம்ப்யூட்டரில் அடைத்துக்கொண்ட இடம் சுமார் 350 எம்பி. நீங்கள் அனுப்புகிற குட்மார்னிங் வீடியோக்கள் அதைவிடக் கூட வரும்.

மறுநாள் போட்டுக் காட்டினேன், களத்துமேட்டில்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "எங்கம்மா கொரலு மாதிரி இருக்குதே" என்றார்.

ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போயிருக்கலாமே என்று சம்பந்தி ஒருவர் கேட்டிருந்தார். ஒரு காலத்தில் வேறு வழியே கிடையாது. நமக்குப் பக்கத்திலேயே சேலத்தில் டி.ஆர். சுந்தரம் 1935-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் தொடங்கினார். பாட்டுப் பதிய வேண்டுமென்றால் பாடகர்தான் அந்த மாதிரி வளாகத்துக்குப் போக வேண்டும். ஏற்காடு சாலையில் அந்த வளைவு இன்றைக்கும் நிற்கிறது. 1989-ல் ஏ.ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் வீட்டோடு பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்தார், 1992-ல் ரோஜா வந்தது. வீட்டிலிருந்தே அந்தத் தரத்தில் செய்யலாம் என்று நாடே பார்த்தது. ஆனால் அதற்கு அன்று எவ்வளவு செலவு பிடித்திருக்கும் என்று யோசியுங்கள். இன்றைக்கு அதில் முக்கியமான ஒரு பகுதி என் கைப்பைக்குள் போகிறது, பேரனுக்கு வாங்கின கியர் சைக்கிள் விலையில். பாடகரை ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போக வேண்டிய கட்டாயம் போய்விட்டது. பெரியம்மாவை ஏசி அறையில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கவைத்திருந்தால் ஒரு வரி வந்திருக்காது. சினிமாப் பாட்டுக்கும் விளம்பரத்துக்கும் ஸ்டுடியோ வேண்டும், ஒப்புக்கொள்கிறேன்.

மலைமேல் இருக்கும் என் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. செம்மேட்டுப் பக்கமும் அதற்கு உள்ளேயும் இருக்கிறவர்கள். நான் மலையில் வேலை பார்த்த நாலு வருஷத்தில், சாமைக் காட்டில் களையெடுக்கிற பெண்கள் பாடினதை எத்தனையோ நாள் நின்று கேட்டிருக்கிறேன். சாமை, தினை, கேழ்வரகு விதைகள் அழியாமல் இருக்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பல வருஷமாக வேலை செய்கிறது, விதை வங்கியெல்லாம் வைத்தார்கள். அந்தக் காட்டில் பாடின பாட்டுக்கு அப்படி ஒன்றும் இல்லை. உங்கள் பாட்டிமார் இருக்கும்போதே எடுங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறினாலும் இந்தப் பெட்டி ஆடாது, குலுங்காது. கரண்ட் போனாலும் கவலை இல்லை. மழைமூட்டத்தில் டைனமிக் மைக்குக்கு ஒன்றும் ஆகாது. லேப்டாப் இல்லை என்றாலும் யோசிக்க வேண்டாம். இந்த மாதிரிப் பெட்டிகளில் பலவற்றை ஓடிஜி ஒயர் வைத்து ஆண்ட்ராய்டு போனிலேயே மாட்டலாம். அப்போது அளப்பது பெட்டி, சேர்த்துவைப்பது மட்டும் போன். வாங்குமுன் கிளாஸ் கம்ப்ளையன்ட் என்று போட்டிருக்கிறதா என்று கடையில் கேளுங்கள், டிரைவர் இல்லாமலே ஓடும் என்று அர்த்தம்.

எடுத்த பிறகு செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். வேவ் ஃபைலாகவே வையுங்கள், எம்பி3 ஆக்கி மூலத்தை அழித்துவிடாதீர்கள். இரண்டு இடத்தில் பிரதி வேண்டும், அதில் ஒன்று வேறு வீட்டில். பெயர் வைக்கும்போது "நியூ ரெக்கார்டிங் 7" என்று விடாமல் பாடியவர், ஊர், தேதி மூன்றையும் எழுதுங்கள். பாட்டு தொடங்குவதற்கு முன்னால் அவரையே தன் பெயரும் ஊரும் சொல்லச் சொன்னால் இன்னும் நல்லது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அப்போதுதான் கசங்காமல் போய்ச் சேரும்.

யூடியூபில் போடுவது பற்றி என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் இருக்கிறீர்கள். என் நிலை மாறவில்லை. பாடியவர் சரி என்று சொல்லாமல் போடக்கூடாது. ஒப்பாரியில் பிறந்த வீடு செய்யத் தவறியது, புகுந்த வீடு பேசினது, நாத்தனார் கொடுமை எல்லாம் பெயர் சொல்லி வரும். அந்த நாத்தனாரின் பேரப்பிள்ளைகள் நம் குழுவிலேயே இருக்கிறார்கள்! நான் குழுவில் போட்டது தாலாட்டு மட்டும், அதுவும் பெரியம்மாவிடம் கேட்டுத்தான். ஒப்பாரி கேட்க வேண்டும் என்கிறவர்கள் நேரில் வாருங்கள், அவர் இருக்கும்போது, களத்துமேட்டில்.

எந்தக் கம்பெனிக்காகவும் இதை நான் எழுதவில்லை, அதனால்தான் என் பெட்டி எந்தக் கம்பெனி என்றும் சொல்லவில்லை. இரண்டு மைக் ஓட்டை, 24 பிட், 48 வோல்ட் வசதி, டைரக்ட் மானிட்டர் சுவிட்ச். இந்த நாலும் இருந்தால் போதும். எட்டு ஓட்டை, பதினாறு ஓட்டைப் பெட்டியெல்லாம் கச்சேரிக்காரர்களுக்கு.

வாங்குவதற்கு முன்னால் முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் பெட்டியைத் தருகிறேன். பள்ளி நூலகத்தில் புத்தகம் எடுப்பது மாதிரிதான். வாசலில் நோட்டு வைத்திருக்கிறேன், பெயரும் தேதியும் எழுதிக் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம், ஒரு வாரம் வைத்துக்கொள்ளலாம். ஆடி பதினெட்டுக்கு முன்பும் பின்பும் ஒரு வாரம் மலைக்குப் போகிறது, அப்போது கேட்காதீர்கள். நீள மைக் ஒயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. முடிச்சுப் போடாமல் வட்டமாகச் சுற்றிக் கொண்டுவந்து கொடுங்கள்.